கொழும்புப் பெட்டியும் மூங்கில் நட்சத்திரமும்

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக்காலம் இன்று தொடங்கியது. பூசை முடிந்து வந்த கையோடு அம்மாவிடம் கைபேசியை நீட்டினேன். இந்த வருஷம் வீட்டை 'வின்டேஜ்' பாணியில், அதாவது பழைய காலத்து அழகில், அலங்கரிப்பது என்று சென்னையில் இருக்கும்போதே முடிவு செய்து, படங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். கணப்பு அடுப்பு, அதன் மேல் வரிசையாகத் தொங்கும் காலுறைகள், கட்டம் போட்ட சிவப்புத் துணி, மங்கின தங்க நிற மணிகள். அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "இது யார் வீட்டுப் பழசுடி?" என்றார்.

பதில் இல்லை. பாளையங்கோட்டையில் கணப்பு அடுப்புக்கு நான் எங்கே போவேன்? நம் வீட்டுப் பழசு என்னதான் இருக்கிறது, பார்ப்போம் என்று ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினேன். ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் சுரூபங்கள், அதாவது சின்னச் சிலைகள். அப்பாவின் சீரியல் லைட் ஒரு சுருள். ஆச்சி 'கொழும்புப் பெட்டி' என்று சொல்லும் அட்டைப்பெட்டி ஒன்று.

டிசம்பர் 2, செவ்வாய்

தாத்தா கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டு இருந்தவர். ஊருக்கு வந்த ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் கொண்டுவந்தவை இந்தக் கண்ணாடி உருண்டைகள். இருபத்துநாலு அறை உள்ள பெட்டியில் பதினேழு மிச்சம். முட்டை ஓட்டை விட மெல்லிசு. கையில் எடுத்தால் எடையே தெரியாது.

தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் ஒன்றைத் துடைத்தேன். நீல வண்ணம் அப்படியே துணிக்கு வந்துவிட்டது. கையில் வெறும் வெள்ளி உருண்டை! அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். ஜெர்மனியின் லாவ்ஷா என்ற ஊரில் வளர்ந்த கைத்தொழில் இது. கண்ணாடியை ஊதி, உள்ளே வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டுக் குலுக்கிப் பளபளப்பு ஏற்றுவார்கள். வண்ணம் வெளிப்பக்கம்தான். அதனால் வெள்ளி தப்பித்தது, நீலம் போயிற்று. மீதிப் பதினாறையும் உலர்ந்த பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டேன். ஆச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

சுரூபங்களைப் பிரித்தோம். சூசையப்பரின் கைத்தடி போய்விட்டது, ஈர்க்குச்சி வைத்தாயிற்று. ஓர் ஆட்டுக்கு முன்னங்கால் இல்லை. தீக்குச்சியை நட்டு எம்-சீல் பூசினேன். கழுதைக்கு ஒரு காது பாதி. ஒட்டகத்தையே காணோம். மூன்று ராஜாக்களும் இந்த முறை நடந்துதான் வர வேண்டும்.

புதுசாய் பெயின்ட் அடித்துவிடலாம் என்று தம்பி சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாதாவின் நீல முக்காட்டில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் ஒன்று இருக்கிறது. கடையில் வின்டேஜ் என்று விற்பவர்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வரவழைப்பது இதைத்தானே.

1223-ல் இத்தாலியின் கிரேச்சியோவில் பிரான்சிஸ் அசிசியார் வைத்த குடிலில் இருந்தவை வைக்கோலும் நிஜ மாடும் நிஜக் கழுதையும். "நம்ம கழுதை காதை எவனும் எண்ணமாட்டான்" என்றார் அப்பா.

டிசம்பர் 13, சனி

குடிலில் புல்லாக வைக்கக் கேழ்வரகு விதைத்தாயிற்று. இரவு ஊறவைத்து, பழைய சாப்பாட்டுத் தட்டுகளில் மண் பரப்பித் தூவி, மேலே ஈரச்சாக்கு. முளை கட்டியதும் சாக்கை எடுத்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். போன வருஷம் கட்டிலுக்கடியில் மறந்துவிட்டு, குடிலில் மஞ்சள் புல் முளைத்த பெருமை எங்களுக்கு உண்டு.

குடிலின் மலை செய்ய முன்பெல்லாம் சிமெண்ட் மூட்டைத் தாள். இப்போது மூட்டையே பிளாஸ்டிக். நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளைக் கசக்கி, காவி கரைத்து அடித்து, மேடு பள்ளமாக நிறுத்தினோம். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம்.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்று முழுக்க நட்சத்திரம். கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் விதவிதமாய்த் தொங்குகிறது. ஆனால் மாமா மூங்கிலோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "மருமகளே, கத்தியை எடு" என்றார்.

மூன்றடிக் குச்சிகள் பத்து. ஐந்தைப் பின்னி ஒரு நட்சத்திரம், இன்னோர் ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுகிறோம். இதுவரை அது தட்டையான சட்டம்தான். உள்ளே குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களில் அரையடிக் கட்டைகளை நெம்பிக் கொடுத்தவுடன் இரண்டு பக்கமும் வயிறு மாதிரிப் புடைக்கிறது. முதல் கட்டை கொடுக்கும்போது மூங்கில் முறுகும் சத்தம் கேட்டு, உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். "உடையாது. பச்சை மூங்கிலு" என்றார் மாமா, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு.

மைதாப் பசையில் துளி மயில்துத்தம் போட்டார் ஆச்சி. இல்லாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டத்தாள் ஒட்டினோம். பசை காயக் காயத் தாள் விறைத்து, சுண்டினால் தப்பு மேளம் மாதிரிச் சத்தம் கொடுத்தது. ஆச்சி சின்னப் பெண்ணாக இருந்தபோது இதற்குள் அகல்விளக்கு வைப்பார்களாம். "எத்தனை நட்சத்திரம் எரிஞ்சிருக்கு தெரியுமா!" உள்ளே குறைந்த வாட் எல்இடி பல்பு போட்டு மாடிக் கைப்பிடியில் கட்டினோம்.

டிசம்பர் 18, வியாழன்

ராத்திரி மழை. நட்சத்திரத்தின் சிவப்புச் சாயம் கரைந்து, போன வாரம் வெள்ளையடித்த சுவரில் நாலடிக்கு வழிந்திருக்கிறது. அப்பா பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் 20, சனி

சவுக்குக் கிளை வந்தது. முன்கூட்டி வாங்கினால் ஒரே வாரத்தில் ஊசி ஊசியாக உதிர்ந்துவிடும். வாளியில் மணல் ரொப்பி நட்டு, வாளிக்குச் சிவப்புக் கிரேப் தாள் சுற்றினோம். சவுக்கின் நுனி ஒரு கண்ணாடி உருண்டையைக் கூடத் தாங்காது. தண்டையொட்டி உள்ளே உள்ளே தொங்கவிட்டோம். படத்தில் வரும் மரம் மாதிரி ஜொலிக்கவில்லை. பச்சைக்குள் எங்கோ ஒன்று மினுங்குகிறது, தேடிப் பார்க்க வேண்டும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நிறம் போன உருண்டையைப் பார்த்ததும் ஆச்சி, "இதுலதான் மூஞ்சி நல்லாத் தெரியுது" என்று தலையைத் தடவிக்கொண்டார். தப்பித்தேன்.

சீரியல் லைட் எரியவில்லை. ஆறு வோல்ட் பல்புகள் நாற்பதும் ஒரே வரிசையில், ஒன்று போனால் எல்லாம் இருட்டு. அப்பா டெஸ்டரோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் தொட்டு, முப்பத்தொன்றாவதில் பிடித்தார்.

கிரேப் தாளை முறுக்கி நாலு மூலையிலிருந்தும் ஃபேன் கொக்கிக்கு இழுத்துக் கட்டினோம். சுவிட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டியாயிற்று. நான் ஆறாவது படிக்கும்போது சித்தப்பா வந்து வியர்க்கிறது என்று ஃபேனைப் போட்ட கதை இன்னும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

டிசம்பர் 25, வியாழன், விடிகாலை 2.30

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தோம். கேழ்வரகு நாலு விரல் உயரத்துக்கு நல்ல பச்சை. ஆச்சி தன் வெற்றிலைப்பெட்டியைத் திறந்து, பஞ்சில் பொதிந்திருந்த குழந்தை இயேசுவை எடுத்துத் தொழுவத்தில் வைத்தார். அதற்குமுன் யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். ராஜாக்கள் இன்னும் புத்தக அலமாரியில், ஒட்டகம் இல்லாமல் நிற்கிறார்கள். ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-க்குள் வந்து சேர்ந்தால் போதும்.

ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுச் சீரியல் வெளிச்சத்தில் எல்லாரும் கேக் தின்றோம். அப்பா கேக்கோடு வாசலுக்குப் போய் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். கீழே சுவரையும் பார்த்தார்.

"அடுத்த வருஷம் வெள்ளைத் தாளாவே ஒட்டிருங்க" என்றார்.