இரண்டாவது சொட்டு

எழுபதுகளின் கடைசியில் பினாங்கு மின்டன் வளாகத்தில் மருந்தியல் படித்தவர்கள் வேறு எதை மறந்தாலும் தசையின் அசைவை முள்ளால் கோடாகக் கீறிப் பதிவுசெய்யும் புகை உருளையை மறந்திருக்க மாட்டார்கள். பளபளப்புத் தாளை உருளையில் சுற்றிச் சுடரில் காட்டிக் கரியேற்ற வேண்டும். ஆய்வக உதவியாளர் அண்ணன், "தம்பி, கரி மெல்லிசா படியணும், தடிச்சா முள்ளு இழுக்காது" என்பார். வெள்ளைக் கோட்டு அன்றைக்கே பாழ்.

அந்த உருளையில் நாங்கள் பார்த்தவற்றில் எனக்குப் பிடித்தது ஒவ்வாமையைத் தசைத் துண்டில் காட்டும் ஷுல்ட்ஸ்-டேல் சோதனை. கினிப்பன்றிக்கு முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை ஊசியில் போட்டுச் சில வாரம் விட்டுவிடுவார்கள். அப்புறம் அதன் சிறுகுடலில் ஒரு துண்டை, திசுவை உயிரோடு வைக்கும் டைரோட் உப்புக்கரைசலில், 37 டிகிரியில் தொங்கவிட வேண்டும். அடிமுனையைக் கண்ணாடிக் குழாயின் கொக்கியிலும் மேல்முனையை நூலால் முள் பொருத்திய நெம்புகோலிலும் கட்டுவோம். கரைசலுக்குள் காற்றுக் குமிழ் விடுவதை நிறுத்தவே கூடாது. அதே வெள்ளைக்கருவைத் துளி விட்டால் போதும், தசை சுருங்கி முள் விருட்டென்று மேலே ஏறும். ஊசி போடாத பிராணியின் குடல் கண்டுகொள்ளாது.

ஒவ்வாமை நடப்பது ரத்தத்திலா, திசுவிலா என்று வாதம் நடந்த காலத்தில் ஷுல்ட்ஸ் 1910இல் குடலிலும், டேல் 1913இல் கருப்பையிலும் இதைக் காட்டினார்கள். ரத்தமே இல்லாமல் கழுவியெடுத்த தசை பழைய புரதத்தை அடையாளம் கண்டுகொள்கிறது என்றால் பதில் திசுவில்தான் இருக்கிறது.

முதல் துளியைவிட இரண்டாவதுதான் சுவாரசியம். கழுவிவிட்டு அதே புரதத்தை மறுபடி விட்டோம். கோடு நேராகவே ஓடியது. "செத்துப்போச்சுடா" என்று கூட்டாளி துண்டைக் கழற்றப் போனான். விரிவுரையாளர் தடுத்து, ஒவ்வாமையின்போது உடலே வெளிவிட்டுத் தசையைச் சுருக்கும் பொருளான ஹிஸ்டமினை விடச் சொன்னார். முள் மறுபடி உச்சிக்குப் போனது. தசைக்கு ஒன்றுமில்லை, அந்தப் புரதத்துக்கான உணர்திறன்தான் தீர்ந்திருந்தது. அந்த ஹிஸ்டமினை விட்டுப் பார்க்காமல் எழுதும் அறிக்கைக்கு மதிப்பெண் கிடையாது. நியாயம்தான்.

மூச்சுக்குழாய்த் தசை இன்னும் பிடிவாதம். மெபிரமின் கொடுத்து ஹிஸ்டமினை அடைத்தாலும் மெதுவான இறுக்கம் ஒன்று நீடிக்கும். அதற்குக் காரணமான பொருள்களுக்கு 1979இல்தான் லூக்கோட்ரையீன் என்று பெயர் வந்தது. இப்போது மெல்பர்னில் என் மருந்துக்கடைக்கு வரும் பெற்றோர், "ஆஸ்துமாவுக்குச் சளி அலர்ஜி மாத்திரை போதாதா?" என்று கேட்பதுண்டு. டாக்டர் எழுதிய மோன்டெலுகாஸ்டைக் கையில் கொடுத்து, அலர்ஜி மாத்திரை அடைப்பது ஹிஸ்டமினை, இது அடைப்பது லூக்கோட்ரையீன் என்ற அந்த இன்னொரு வழியை என்று சொல்லி அனுப்புகிறேன்.