குப்புறப் படுக்க வைக்கும் வேலை

2020 மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்த நேரத்தில், வெளியே எல்லோர் வாயிலும் வென்டிலேட்டர்தான். எத்தனை இருக்கிறது, இன்னும் எத்தனை வேண்டும் என்று ஒரே கணக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்த எனக்கு அது பாதிக் கணக்காகவே பட்டது. மெஷினை வாங்கிவிடலாம். அதன் பக்கத்தில் நிற்க ஆள் எங்கிருந்து வரும்?

எங்கள் ஷிப்டைத் தின்ற வேலை, நோயாளிகளைப் புரட்டிப் போடுவது. மல்லாந்து கிடக்கும்போது நுரையீரலின் பின்பகுதி அமுங்கிப்போகிறது. ரத்த ஓட்டமோ அங்கேதான் அதிகம். குப்புறப் போட்டால் அமுங்கிய பகுதி விரிந்து காற்று வாங்கத் தொடங்கும். இது கோவிட்டோடு வந்த வைத்தியமும் இல்லை. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களைத் தொடர்ந்து 16 மணி நேரமாவது குப்புற வைத்தால், 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைகிறது என்று ப்ரோசேவா என்ற மருத்துவ ஆய்வு 2013-லேயே காட்டிவிட்டது.

படிக்கச் சுலபம். செய்ய ஐந்து பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்கும் மயக்கவியல் மருத்துவர், மூச்சுக்காகத் தொண்டைக்குள் போட்ட குழாயைப் பிடித்துக்கொள்வார். அவர் எண்ணுகிற எண்ணுக்குத்தான் மற்ற நால்வரும் அசைய வேண்டும். அதற்கு முன்பே குழாய் வழியே போகும் உணவை நிறுத்தி, கண்ணில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டியிருப்போம். மார்பில் இருந்த ஈசிஜி ஸ்டிக்கர்கள் முதுகுக்குப் போகும். கவச உடைக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, கண்ணாடி முழுக்க ஆவி, யார் யாரென்று தெரிவதற்காக நெஞ்சில் மார்க்கரால் எழுதிய பெயர்கள். "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று கத்துகிற குரலை மட்டும் நம்பி ஒரு கனத்த உடம்பை, குழாய்களில் ஒன்றுகூட நழுவாமல், திருப்ப வேண்டும். திருப்பியதோடு முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலையை மறுபக்கம் மாற்ற வேண்டும், கையை மேலும் கீழுமாக மாற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் கன்னத்திலும் தாடையிலும் புண் வந்துவிடும். ஒருவரை முடித்து நிமிர்வதற்குள் அடுத்த கட்டிலுக்கு நேரமாகியிருக்கும்.

நினைவோடு இருந்தவர்கள் வேறு ரகம். விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 82 சதவீதம்தான் என்று காட்டும். அவரோ போனில் யாரிடமோ வரவு செலவு பேசிக்கொண்டிருப்பார். "எனக்கு ஒன்னும் இல்ல சிஸ்டர், உங்க மெஷின்தான் தப்பா காட்டுது" என்பார். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அந்தக் கருவி தவறாகக் காட்டக்கூடும் என்பதால் வேறு விரலில் மாட்டிப் பார்ப்போம். அதே 82. "ஐயா, இன்னும் கொஞ்ச நேரம் குப்புறப் படுங்க, போனைத் தலகாணி பக்கத்துல வச்சுக்குங்க" என்று கெஞ்சிப் படுக்க வைப்போம். இந்தக் கெஞ்சலுக்கு கேஸ் ஷீட்டில் தனி இடம் கிடையாது. சிலருக்கு மருந்துக்கு நிகராக உதவியது இதுதான் என்பது என் எண்ணம்.

மருந்து என்று உறுதியாகச் சொல்லும்படி ஒன்று 2020 ஜூனில் கிடைத்தது: டெக்ஸாமெத்தசோன், தினம் 6 மில்லிகிராம். எங்கும் கிடைக்கிற, விலை குறைந்த ஸ்டீராய்டு. அதோடு சர்க்கரை ஏறும் என்பதால் விரல் குத்திப் பார்க்கும் வேலையும் கூடியது. ஆக்சிஜன் கணக்கு இன்னொரு பக்கம். மூக்கில் வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் குழாய் வழி நிமிடத்துக்கு 60 லிட்டர் முழு ஆக்சிஜனாகப் போனால், 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டேதான் ராத்திரி ஷிப்டில் நடமாடுவோம்.

ஆனால் எங்களுக்குத் தொற்றுவது பெரும்பாலும் நோயாளியின் பக்கத்தில் இல்லை, உடையைக் கழற்றுகிற இடத்தில்தான் என்ற பயம் எப்போதும் இருந்தது. களைத்து, வியர்த்து, தாகத்தோடு வரும்போது கை தானாக முகத்துக்குப் போகும். கையுறை, கவுன், கண்ணாடி, வெளியே வந்த பிறகு கடைசியாக மாஸ்க். இடையிடையே கை சுத்தம். இந்த வரிசை தவறாமல் பார்த்துக்கொள்ள எங்கள் பிரிவில் ஒரு துப்புரவுப் பணியாளரை நிறுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் அக்கா. பயிற்சி கொடுத்த அன்றே வரிசையை மனப்பாடம் செய்துவிட்டவர். பிரிவின் மூத்த மருத்துவர் ஒருநாள் அவசரமாக மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடப்போனபோது, "சார், கையை எடுங்க. முதல்ல கை சுத்தம், அப்புறம் பின்னாடி வாரைப் பிடிச்சுக் கழட்டுங்க" என்று அதட்டினார். மருத்துவர் பள்ளிப்பிள்ளை போலக் கையை இறக்கினார். வேறு எந்த நாளிலும் அந்த வார்டில் அப்படி ஒரு பேச்சு நடந்திருக்காது.

அலை ஓய்ந்ததும் நிர்வாகம் முதலில் எடுத்தது அக்காவின் அந்தப் பொறுப்பைத்தான். வென்டிலேட்டர்களை எண்ணி, உறை போட்டு, பதிவேட்டில் ஏற்றினார்கள். அக்கா பழையபடி தரை துடைக்கப் போனார், ஒப்பந்தக் கூலியிலேயே. கழற்றும் இடத்தில் ஆள் நிற்பது தொற்று இல்லாத காலத்திலும் வேண்டும் என்று அந்த மூத்த மருத்துவரே எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. ரவுண்ட்ஸுக்கு வரும்போதெல்லாம் அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.