மஜ்ஜையில் தொலைந்த ஒய்

மார்ச் 3
குரோமோசோம் ஆய்வுக்கு எலும்பு மஜ்ஜை பச்சை மூடிக் குழாயில் வரட்டும். உள்ளே உறையாமல் தடுக்கும் சோடியம் ஹெப்பாரின். ஊதா மூடியில் இருக்கும் இன்னொரு உறைதடுப்பான் இ.டி.டி.ஏ.வில் கிடந்தால் செல்கள் சரியாகப் பெருகாது. முதல் இழுப்பில் 1–2 மி.லி. போதும், அடுத்தடுத்த இழுப்பில் பெரும்பாலும் ரத்தம்தான். 24 மணி நேர வளர்ப்பு, பிரியும் செல்லை நடுவில் நிறுத்தும் கோல்செமிட், பிறகு செல்லை வீங்கவைக்க 37 டிகிரியில் 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு. இதில் அதிக நேரம் ஊறினால் செல் வெடித்துக் குரோமோசோம்கள் சிதறும். தொலையாத ஒய் குரோமோசோமும் தொலைந்ததாகத் தெரியும்.

மார்ச் 5
72 வயது ஆண், ரத்தசோகை, எம்.டி.எஸ். (மஜ்ஜை ரத்த செல்களைச் சரியாக உருவாக்காத நோய்) சந்தேகம். 20 மெட்டாபேஸில் (பிரிதலின் நடுவில் நின்ற செல்கள்) 7-இல் ஒய் இல்லை.

சிதறல் பயத்தால்தான், குரோமோசோம் இழப்பைக் குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) என்று சொல்ல 3 செல் கேட்கிறோம். கூடுதல் குரோமோசோம் என்றால் 2 போதும். இங்கே குளோன் இருக்கிறது, நோய் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வயதான ஆண்களின் ரத்தத்தில் ஒய் உதிர்வது கிட்டத்தட்ட நரை மாதிரி. பிரிட்டனின் பயோபேங்க் என்ற மருத்துவத் தரவுக் களஞ்சியத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பார்த்ததில் சுமார் 20% பேரிடம் இருந்தது; 70 வயதில் 40%-ஐத் தாண்டியது. புகைபிடிப்பவர்களிடம் இன்னும் அதிகம். செல்களின் உருவத்தில் கோளாறு இல்லாமல், இதை மட்டும் வைத்து எம்.டி.எஸ். என்று எழுதக் கூடாது. எம்.டி.எஸ். உறுதியானாலும், நோயின் போக்கைக் கணிக்கும் ஐ.பி.எஸ்.எஸ்.-ஆர். அட்டவணையில் தனி ஒய்-இழப்பு ‘மிக நல்ல’ பிரிவில்தான் வரும். அறிக்கையில் ‘அசாதாரணம்’ என்று தடித்த எழுத்தில் போட்டு அதோடு நிறுத்துவது அநியாயம்.

மார்ச் 6
பிளாஸ்ட் (முதிராத ரத்த செல்) நிறைந்த மஜ்ஜையில் ஒய் இல்லையென்றால் கண் முதலில் 8, 21-ஆம் குரோமோசோம்களுக்குப் போக வேண்டும். அவை இரண்டும் துண்டு மாற்றிக்கொண்ட ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றில், ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒய்யும் போயிருக்கும். பெண்களில் பலருக்கு ஒரு எக்ஸ்.

மார்ச் 10
இன்னொரு ஆண், லுகேமியா (ரத்தப் புற்று). 20 செல்லில் 20-உம் 47,எக்ஸ்எக்ஸ்ஒய், ஒரு எக்ஸ் கூடுதல். பிறவியிலேயே வந்ததா, லுகேமியா கொண்டுவந்ததா? மஜ்ஜை மட்டும் பதில் சொல்லாது. ரத்தத்தில் டி-செல்களைப் (ஒருவகை வெள்ளணு) பெருகவைக்கும் பி.எச்.ஏ. சேர்த்து, 72 மணி நேரம் வளர்த்துப் பார்க்க வேண்டும். பிறவிதான் என்றால் 47,எக்ஸ்எக்ஸ்ஒய் என்ற எழுத்துக்கோவையில் ஒரு சின்ன ‘சி’ சேரும். அதை விட்டுவிட்டால், நோய் தணிந்த பிறகும் அதே கூடுதல் எக்ஸைப் பார்த்து ‘மருந்து கேட்கவில்லை’ என்று யாராவது படித்துவிடுவார்கள்.

எடின்பரோவில் பாட்ரீசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் 1959-இல் கண்ட க்ளைன்ஃபெல்டர் குரோமோசோம் இதுதான். டவுன் சிண்ட்ரோம் அளவுக்கு இது லுகேமியாவைக் கூட்டுவதில்லை. ஆபத்து சுற்றுவழியில் வரும்: நடுமார்பில் ஜெர்ம்செல் (இனப்பெருக்கச் செல்களின் மூலச் செல்) கட்டி, அபூர்வமாக அதிலிருந்தே ரத்தப் புற்று, குறிப்பாக மெகாகேரியோபிளாஸ்ட் (தட்டணுக்களின் முதிராத மூலச் செல்) வகை. மஜ்ஜையில், அந்தக் கட்டியின் அடையாளமான, 12-ஆம் குரோமோசோமின் குறுங்கை இரட்டித்த ஐசோகுரோமோசோம் தெரிந்தால், அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திராமல் வார்டுக்குப் போன் செய்ய வேண்டும்: மார்புக்கு சி.டி., ரத்தத்தில் கட்டியைக் காட்டும் ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி. அளவு.