கரும்புச் சாலில் எடுத்த மண்

தாவரவியல் முடித்துவிட்டுக் கடலூரில் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, பழுப்பு நிலக்கரிச் சுரங்க அனுமதிக்கான ஆய்வு ஒன்றில் மூன்று மாதக் களவேலை கிடைத்தது. மண் எடுக்க வேண்டும், செடி எண்ண வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று மார்ச் மாத வெயிலில் நெய்வேலி பஸ் ஏறினேன்.

2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, தோண்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். சுரங்கம் வரும் இடம் கோர் சோன், சுற்றிலும் 10 கிலோமீட்டர் பஃபர் சோன். மேட்டில் செம்மண், முந்திரி, பலா. பள்ளத்தில் ஏரிப் பாசனம், நெல், களிமண். மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துத் தகவல் இருந்தால் போதும் என்பதால் எங்கள் வேலை மார்ச் முதல் மே வரைதான்.

முதல் நாள் கயிறும் டேப்பும் எடுத்ததுமே ஊர் கூடிவிட்டது. 1950களில் இருந்து சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவரும் வட்டாரம். டேப்பைப் பார்த்தால் என்ன தோன்றும்? "அளக்க வந்துட்டாங்க" என்ற பேச்சு எங்களுக்கு முன்னால் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. "ஒரு பிடி மண்ணு எடுக்கக் கூடாது" என்றார் ஒருவர். எங்களை அனுப்பிய நிறுவனம் பஞ்சாயத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கவில்லை. கையில் ஒரு கடிதம்கூடத் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம் நாங்கள் செய்ததுதான் தப்பு. மத்தியானம் ஆள் நடமாட்டம் குறைந்ததும் ஓரமாக இருந்த கரும்புக் கொல்லையில் இறங்கி, அவசர அவசரமாக மண் எடுத்தோம். முறையெல்லாம் சரிதான். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வி வடிவக் குழி, பக்கச் சுவரில் ஒரே கனத்தில் சீவல், பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அரைக் கிலோ தேறும்வரை அதையே திரும்பச் செய்வது. பரிசோதனை முடிவில் பாஸ்பரஸ் மட்டும் எங்கேயோ உச்சத்தில் நின்றது. பக்கத்து மணிலா (நிலக்கடலை) கொல்லையில் அதே செம்மண், அதில் கால்வாசிகூட இல்லை. மண் எடுக்கக் கூடாத இடங்கள் என்று பாடத்திலேயே வரும்: வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், புதிதாக உரம் போட்ட நிலம். கரும்புத் துண்டுகளை, அதாவது கரணையை, நட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நட்ட பள்ளமான சாலில் சூப்பர் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உரம் போட்டிருந்தார்கள். கொல்லைக்காரரைக் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மறுபடி போனபோது முதலில் அவரைத் தேடினேன். எதற்காக வந்திருக்கிறோம், யாருக்காக என்று மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பனே தம்பி. வாங்க" என்று உரம் படாத தரிசுக்குக் கூட்டிப்போனார். அதைவிடப் பெரிய உதவி, புதிதாக வெட்டிய பண்ணைக்குட்டையைக் காட்டியது. மேலே செம்மணல் கலந்த மண், அதன் கீழே சரளை, அதற்கும் கீழே இறுகிய மணற்கல். நாங்கள் குழி வெட்ட வேண்டிய வேலையே இல்லாமல் சுவரில் அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேல்மண்ணைத் தனியே வழித்து வைத்து, பிறகு மண் கொட்டிய மேடுகளில் பரப்ப வேண்டும் என்பதால் அதன் கனம் அறிக்கையில் முக்கியம். பள்ளத்துக் களியில் கதையே வேறு. அடர்த்தி பார்க்கும் இரும்பு உருளையைச் சுத்தியலால் அடித்தால் உருளைதான் நசுங்கியது.

செடி எண்ணுவதிலும் இதே பாடம்தான். மரத்துக்கு 10க்கு 10 மீட்டர், புதருக்கு 5க்கு 5, சிறுசெடிக்கு 1க்கு 1 எனக் கட்டம் போடுவோம். முந்திரித் தோப்பில் சிறுசெடிக் கட்டம் ஒன்று தவறாமல் பூஜ்யம். கொட்டை பொறுக்க வசதியாக அடித்தரையைப் பெருக்கி வைத்திருந்தார்கள், அதை அப்படியே கோர் சோன் கணக்கில் எழுதினால் "தாவரம் இல்லாத நிலம்" ஆகிவிடும். கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஆயா சிரித்தார். "வெயில்ல வந்து புல்லு தேடுறியே! மழ வுட்டதும் தை மாசம் வா." ஒரு பருவம் போதும் என்றது அலுவலகம். நான் சொந்தச் செலவில் தையில் போனேன். தும்பை, கீழாநெல்லி, நாயுருவி, நாய்க்கடுகு, கொழிஞ்சி என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஏரிக்கரையில் மட்டும் எந்தப் பருவத்திலும் மாறாமல் ஊதாப் பூவோடு நின்றது நெய்வேலிக் காட்டாமணக்கு. அமெரிக்காவிலிருந்து வந்த செடிக்கு நம் ஊர்ப் பெயர்!

கரும்புக் கொல்லைக்காரருக்கு அவர் மண்ணின் முடிவை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிறுவனத்துக்குத் தெரிந்தால் திட்டியிருப்பார்கள். பொட்டாஷ் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "இத வெச்சு நெலத்துக்கு வெல போடுவாங்களா?" என்றார். "இல்லீங்கய்யா, அது வேற ஆபீஸ்" என்றேன். சுரங்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் 30 நாள் அவகாசம் கொடுத்துச் செய்தித்தாளில் அறிவிப்பு வரும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும், கலெக்டர் அல்லது அவர் சார்பில் வரும் அதிகாரி முன்னால் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம் என்று சொன்னேன்.

"அதுல நம்ம கொல்ல இருக்குமா?"

தரிசில் எடுத்த மண் மாதிரியின் எண்ணைத் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.