பதினெட்டு செவ்வாய்

மார்ச் 4, செவ்வாய்
1/18. தம்பிக்கு மனநோய் மாத்திரை குளோசபின் ஆரம்பம். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிடக் கூடாதாம். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்கணும். 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதிதான் இன்றைக்கு. பிளேடால் வெட்டினேன், ஒரு ஓரம் தூளாகிவிட்டது. தூளையும் சேர்த்தே கொடுத்தேன்.

மார்ச் 6
ஆபீஸுக்கு லேட்டாகப் போகப் பெர்மிஷன் மாதத்துக்கு இரண்டு. செவ்வாய் மாதத்துக்கு நான்கு. திருவொற்றியூரிலிருந்து தண்டையார்பேட்டை வரும்வரை பஸ்ஸில் இதே கணக்கு.

மார்ச் 10
லீவு படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். போன வருஷம் அதில் ஐந்து தடவை 'காய்ச்சல்' என்று எழுதினேன். சிக் லீவு என் உடம்புக்கு மட்டும்தானாம். ஹெச்ஆரிடம் உண்மையைச் சொன்னேன். 2017 சட்டப்படி மனநோய்க்கும் இன்சூரன்ஸ் உண்டு என்றார். உண்டுதான். ஆனால் ஆபீஸ் பாலிசியில் அப்பா, அம்மா, கணவன், பிள்ளை. தம்பி என்ற உறவே கிடையாது. கிளம்பும்போது பஞ்சிங் மெஷின் பக்கத்துச் சுவரில் மனநல உதவி நம்பர் 14416 போஸ்டரைக் காட்டினார்.

மார்ச் 13
ராத்திரி மொட்டை மாடியிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டேன். அந்தப் பெண் தமிழில் நிதானமாகப் பேசினாள். நன்றாக அழுதேன். செவ்வாய்க்கிழமைக்கு அவளால் என்ன செய்ய முடியும்?

மார்ச் 18
3/18. தலையணை முழுக்க எச்சில். இந்த மாத்திரைக்கு அப்படித்தான் ஆகுமாம். மேலே துண்டு விரித்தேன். இந்த மாதப் பெர்மிஷன் இரண்டும் தீர்ந்தது.

மார்ச் 24
சார் அவராகவே கூப்பிட்டார். "செவ்வாய் பத்தரைக்கு வாம்மா, சாயங்காலம் கூட இருந்து பில்லை முடிச்சிடு. எழுத்துல எல்லாம் வேணாம்." எப்படித் தெரிந்ததோ. நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 8
6/18. அம்மாவை அனுப்பிப் பார்க்கலாம் என்றால், கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தாலே இவன் வீட்டுக்குத் திரும்பி நடந்துவிடுவான். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டால்தான் ரோடு தாண்டுவான். வயது 29.

ஏப்ரல் 14
மாங்காய்ப் பச்சடியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வேப்பம்பூவை மட்டும் பொறுக்கித் தட்டோரம் வைத்தான், சின்ன வயதில் மாதிரியே.

ஏப்ரல் 17
சாருக்கு ஸ்ரீபெரும்புதூர் மாற்றல். கேக் வெட்டினார்கள்.

ஏப்ரல் 21
புதியவர் வந்தாச்சு. மூன்று மாதப் பஞ்சிங் ரிப்போர்ட் கேட்டிருக்கிறாராம்.

ஏப்ரல் 22, செவ்வாய்
8/18. லேபில் டோக்கன் 31. இப்போது 17 ஓடுகிறது. மணி 9.40. சுண்டுவிரலை விடவில்லை, இடது கையால் டைப் பண்ணுகிறேன்.