தந்தையின் மறைவுக்குப் பின் பி.எம். கிசான் தொகைக்கு விண்ணப்பித்த அனுபவம்

ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக விவசாயிகளின் வங்கிக் கணக்கில் மத்திய அரசு செலுத்தும் பி.எம். கிசான் திட்டம் 2019-இல் தொடங்கியது முதல் என் தந்தையார் அதன் பயனாளியாக இருந்தார். அவர் மறைந்த பிறகு எங்கள் ஊர் வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகியபோது, பெயர் மாற்றம் என்ற ஏற்பாடே இதில் இல்லை என்று உதவி வேளாண்மை அலுவலர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இறந்தவரின் பதிவு நிறுத்தப்படும். இறப்புக்குப் பின் வரவான தவணையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். வாரிசு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 1.2.2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு இத்தொகை கிடையாது என்றாலும், உரிமையாளர் இறந்து வாரிசுரிமையாக வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு என்பதால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இங்கே அடிப்படை ஆவணங்களாகின்றன.

உண்மையில் இது வேளாண்மைத் துறையில் முடியும் வேலையன்று. முக்கால் பங்கு வருவாய்த் துறையில்தான் கழிந்தது. எங்களுடையது சித்தப்பா குடும்பத்தோடு சேர்ந்த கூட்டுப் பட்டா. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, நில அளவர் வந்து உட்பிரிவு செய்தால் தனிப்பட்டா கிடைக்கும். ஆனால் கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தாலே இத்திட்டத்துக்குப் போதும் என்பதால், அப்பாவின் பெயருக்குப் பதிலாக அம்மா, அக்கா, நான் ஆகிய மூவரின் பெயர்களையும் சேர்க்க மட்டும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை விரைவாக முடிந்தும், வட்ட அலுவலகத்தில் கோப்பு நெடுநாள் அசையவில்லை. 2,000 ரூபாய்த் தவணைக்கு இத்தனை அலைச்சலா என்று சித்தப்பா சலித்துக்கொண்டார். பட்டா எப்படியும் மாற்றவேண்டியதுதானே என்பது என் பதில்.

பட்டாதான் எல்லாமே என்பதற்கு எங்கள் பக்கத்து வயல்காரர் சாட்சி. கோயில் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்கு எடுத்து, எங்களைவிடக் கூடுதலாகவே நெல் விளைவிக்கும் அவருக்கு ஒரு தவணையும் வந்ததில்லை. நில உடைமையாளருக்கு மட்டுமே என்பது விதி. உழுகிறவருக்கு இல்லாத உதவியை 'விவசாயி நிதி' என்று அழைப்பது எனக்கு இன்றும் பொருத்தமாகப் படவில்லை.

பட்டா கைக்கு வந்தபின் சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றுடன் பதிவு செய்ததும் சரிபார்ப்பு தொடங்கியது. 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்றவர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டு 100 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடாகச் சென்றது வெளிப்பட்ட பிறகு, இந்தச் சரிபார்ப்பு கடுமையாகிவிட்டது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். மின்னணு முறையில் அடையாளத்தை உறுதிசெய்யும் இ-கேஒய்சியை, ஆதாரில் பதிந்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் (ஓ.டி.பி.) கொண்டே முடித்தேன். நாற்று நட்டு ரேகை தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காதவர்களுக்கு முகம் காட்டிப் பதியும் செயலி இருக்கிறது. வங்கியில் மட்டும் ஒன்றைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: கணக்கில் ஆதார் எண் இருப்பது வேறு, அரசு நேரடியாகச் செலுத்தும் பணத்தைப் பெற அக்கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருப்பது வேறு. எனக்கு முதலாவது மட்டுமே இருந்தது; கிளையில் படிவம் கொடுத்த பிறகுதான் இரண்டாவதும் நிறைவேறியது.

இணையதளத்தில் நிலப்பதிவு, இ-கேஒய்சி, ஆதார் இணைப்பு ஆகிய மூன்றுக்கும் நேராக 'ஆம்' என்று வந்ததற்கு அடுத்த தவணை என் கணக்கில் வரவாயிற்று. நில விவரத்தை ஆதாருடன் இணைத்து வழங்கும் விவசாயி அடையாள எண்ணுக்கும், அதே பட்டாவை எடுத்துச் சென்று முகாமில் பதிந்துவிட்டேன்.