மறுநாளும் முகத்தில் விழிக்க வேண்டிய ஊர்

இசைக்குழுவின் துண்டறிக்கைகளில் என் பெயருக்கு முன்னால் ‘நிகழ்ச்சித் தொகுப்பு’ என்றுதான் அச்சடிப்பார்கள். ஆனால் கோத்தகிரியிலும் குன்னூரிலும் அவற்றைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் கூட்டம் கூடியது, இரண்டு பாட்டுகளுக்கு நடுவே இன்றைக்கு யார் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று பார்க்கத்தான். எதிரே இருக்கும் ஆளைக் கிண்டலடிப்பதே என் தொழிலாக இருந்தது. மேடைப் படி ஏற முழங்கால் ஒத்துழைக்காத இந்த வயதில், அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

மலையில் சிரிக்க வைப்பது எளிதல்ல. தை மாதத்து உறைபனி இரவில் குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக உட்கார்ந்திருப்பவர்கள், கைதட்டுவதற்காகக் கையை வெளியே எடுக்க மாட்டார்கள். மேடை விளக்கின் வெளிச்சத்தில் முன்வரிசையிலிருந்து வெள்ளையாக எழும் மூச்சைப் பார்த்துத்தான், சொன்னது எடுபட்டதா இல்லையா என்று நான் கணிப்பேன்.

அமெரிக்காவில் இந்தக் கலையின் பெரிய ஆளாகச் சொல்லப்படுபவர் டான் ரிக்கிள்ஸ். 1926இல் நியூயார்க்கில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு, நடிப்புப் பயின்றும் வாய்ப்பு அமையாமல் இரவு விடுதிகளில் நகைச்சுவை சொல்லப் போன அவர், தயாரித்துக்கொண்டு போன துணுக்குகளைவிட, குறுக்கே கத்தியவர்களுக்குத் தாம் கொடுத்த பதிலடிக்கே சிரிப்பு அதிகம் வருவதைக் கண்டு அதையே தொழிலாக்கிக்கொண்டார். கைநீட்டும் முன்கோபத்துக்குப் பேர்போன பாடகர் பிராங்க் சினாட்ரா ஒருநாள் விடுதிக்குள் நுழைந்தபோது, சங்கோஜப்படாமல் யாரையாவது அடிக்கும்படி மேடையிலிருந்தே அவரை வரவேற்றார். சினாட்ரா சிரித்துவிட்டார், ரிக்கிள்ஸின் வாழ்வு அங்கே திரும்பியது. 1985இல் அதிபர் ரீகனின் இரண்டாவது பதவியேற்புக் கொண்டாட்டத்திலும் அவரையே எதிரில் வைத்துக்கொண்டு ஓட்டினார். 2017இல், 90 வயதில் இறக்கும் வரை அவர் தொழிலை விடவில்லை.

நிகழ்ச்சியின் முடிவில் அவர் குரலைத் தணித்து, எல்லாம் விளையாட்டுக்குத்தான், யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்று உருக்கமாகப் பேசுவது வழக்கம். லாஸ் வேகாசில் அது தேவைதான். அங்கே திட்டு வாங்கியவர் மறுநாள் விமானம் ஏறிப் போய்விடுவார். சமாதானத்தை அந்த இரவிலேயே முடித்தாக வேண்டும். இங்கே நான் வாரிவிட்ட ஆளோடு காலையில் அதே பேருந்தில் நின்றுகொண்டு மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். அவர் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தால்தான் முந்தைய இரவு நிகழ்ச்சி நன்றாக நடந்தது என்று பொருள்.

மழைக்காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகள், இலையில் ஒட்டியிருக்கும் ஈரத்துக்கென்று எடையில் கழிவு பிடிக்கும். சிறு விவசாயிக்கு அது வயிற்றெரிச்சல். ஒரு திருவிழா மேடையில், டீ செலவை ஏற்றிருந்த தொழிற்சாலை முதலாளி முன்வரிசையில் இருக்கும்போதே, “நம்ம இலையிலிருந்து கழித்த தண்ணீரை முதலாளி வீணாக்கவில்லை, இன்றைய டீயில் ஒரு சொட்டு விடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்” என்றேன். கூட்டம் உடனே சிரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் முதலில் அவர் பக்கம் திரும்பின. கையிலிருந்த டம்ளரை அவர் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்த்தார். அதன்பிறகுதான் மைதானம் வெடித்தது. அன்றைய சிரிப்பில் பாதிக்கு மேல் அவருக்குச் சொந்தம். மறுநாள் வழியில் ஜீப்பை நிறுத்தி, “ஏறுங்கண்ணா, தண்ணிக்காரன் வண்டிதான்” என்றார். கழிவு மட்டும் குறையவில்லை.

கவுண்டமணியின் வசவுகள் அவ்வளவு சிரிப்பைத் தந்ததற்குச் செந்திலின் முகமும் காரணம் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதிலடி எப்போது விழ வேண்டும் என்பதை என் தலைமுறை மேடைக்காரர்கள் கவுண்டமணியிடமிருந்தே கற்றோம். ஆனால் நிறத்தையும் வழுக்கையையும் வைத்துச் செய்த கிண்டல்கள் திரையில் ஓடியதால் மேடையிலும் ஓடும் என்று பலர் நினைத்தார்கள். கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தொகுப்பாளர், தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருந்த பெண்களின் விரல்களைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்தக் கூட்டத்தில் பலர், இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, இங்கேயும் கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். யாரும் கல்லெறியவில்லை, கூச்சல் போடவில்லை. பெண்கள் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் போய்விட்டார்கள். வசை பாடுவதற்கென்றே காளமேகத்தைப் போற்றும் மொழி இது. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே நையாண்டி செய்வான். அந்த வாயைக் கொழுந்துக் கூடை சுமப்பவளிடம் திருப்பியவருக்கு அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் மேடை கிடைக்கவில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

இப்போது கைப்பேசியில் இருபது நொடிக்கு வெட்டிப் போடுகிறார்கள். அதில் என் வாய் இருக்கிறது, டம்ளரைத் தூக்கிப் பார்த்தவரின் முகம் இல்லை. பார்ப்பவர்களுக்கு அது வெறும் அவமானமாகத் தெரிவதில் வியப்பு என்ன?

யோசனை கேட்டு இளைஞர்கள் சிலர் வருகிறார்கள். இரவு மேடை என்றால் மதியமே ஊருக்குள் போய் டீக்கடையில் உட்காரச் சொல்கிறேன். எந்த வீட்டில் துக்கம், எந்த வீட்டில் பெண் பார்க்க வந்து கைநழுவிப் போனது, யாருக்கு வேலை போயிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயர்களையெல்லாம் முதலில் அடித்துவிடச் சொல்கிறேன். அடித்த பிறகு யார்தான் மிஞ்சுவார்கள் என்று ஒரு பையன் கவலையோடு கேட்டான். விழாக்குழுப் பொருளாளர் இருக்கிறாரே! எந்த ஊரிலும் அவரிடம் கணக்குக் கேட்டால் கூட்டம் சிரிக்கும். அவரும் சிரித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும்.